அரிசிக்கடைத் தராசும் என் மூச்சும்

என் மச்சான் செல்வராஜ் ஒரு பொய்யர். என் மனைவியின் அண்ணன் என்பதால் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறேன். "மாப்பிள போலீஸ்ல மாட்டுனாரு, அதான் டீம்ல சேக்கல" என்று தாராவி முழுக்க இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறார். நடந்தது வேறு.

அறுபதுகளின் நடுவில் எங்கள் தெருச் சங்கத்துக்கு ஒரு சடுகுடு அணி இருந்தது. செயலாளர் மச்சான். தெருமுனை அரிசிக்கடையும் அவருடையதுதான். எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டு போகிற முதல் ஆள் நான். ஆலையில் எனக்கு வெறும் நம்பர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே இடம் அந்த மைதானம்தான்.

கல்யாணமான ஒரே வருடத்தில் எண்பத்து நான்கு கிலோ ஆனேன். (என் மனைவி தங்கத்தின் சமையல் மேல் குற்றமில்லை. மூன்றாம் முறையும் தட்டை நீட்டியவன் நான்.) அம்பர்நாத் அணியோடு ஆட்டம் என்று முடிவானதும் மச்சான் சட்டம் போட்டார்.

"எழுவத்தஞ்சு கிலோவுக்கு மேல ஒருத்தனும் எறங்கக் கூடாது. மாப்பிளையா இருந்தாலும் சரி, மாமனாரா இருந்தாலும் சரி."

இரண்டு மாதம் கெடு. மூட்டை நிறுக்கிற சங்கிலித் தராசின் ஒரு தட்டில் நான் குந்த வேண்டும், மறு தட்டில் எடைக்கல். ஐந்து வாரம் கழித்தும் ஒரே ஒரு கிலோதான் குறைந்திருந்தது.

"அரிசி மூட்டையாச்சும் எலி தின்னா கொறையுது. உம்மள எலிகூட தொடாது போல" என்றார் மச்சான். கடையே சிரித்தது.

ஆனால் எனக்கு வேறு கணக்கு இருந்தது. மாட்டுங்காப் பக்கம் போக, தண்டவாளத்துக்கு மேலே ஒரு நடைப்பாலம் உண்டு. தினமும் காலையில் படியடியில் மூச்சை இழுத்து, "சடுகுடு சடுகுடு" என்று பாடியபடி ஓடுவேன். முதல் நாள் ஏழாம் படியில் மூச்சு அறுந்தது. ஒரு மாதத்தில் மேல்தளம். பிறகு பாலத்தின் பாதி. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்ட வேண்டி வந்தது. அந்தத் தராசுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

கடைசி எடைபோடும் ஞாயிற்றுக்கிழமை, முழுப் பாலத்தையும் ஒரே மூச்சில் கடப்பது என்று கிளம்பினேன். நடுப்பாலத்தில் ஒரு போலீஸ் ஹவில்தார் நின்றிருந்தார். அப்போது பம்பாயில் மதுவிலக்கு. காலங்காத்தாலே முணுமுணுத்துக்கொண்டு ஓடிவருகிறவனைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்?

"ஏ! தாரூ பியேலா ஹை க்யா? ருக்!" என்று கையை நீட்டினார். குடித்திருக்கிறாயா, நில் என்கிறார்.

பதில் சொன்னால் மூச்சு போய்விடும். சொல்லவில்லை. அதோடு விட்டிருக்கலாம். கை நீட்டுகிறவனைத் தொட்டுவிட்டுத் தப்புவதுதான் பத்து வருடமாக நான் பழகிய ஆட்டம். உடம்பு தானாக வளைந்தது. ஹவில்தாரின் தோளில் ஓர் அடி கொடுத்துவிட்டு பாலத்தின் மறுமுனைக்கு ஓடினேன். (மடையன்.)

கடைசிப் படியில் மூச்சை விட்டு, ஜெயித்துவிட்டேன் என்று நான் குதிக்கும்போது, பின்னால் வந்தவர் சட்டைக் காலரைப் பிடித்தார். வாயை ஊதச் சொன்னார். நாற்றமில்லை. இருந்தும் நம்பாமல், உன்னைத் தெரிந்தவன் யார் என்று கேட்டார். அரிசிக்கடையைச் சொன்னேன். அதே காலரோடு தெரு முழுக்க என்னை நடத்திக் கூட்டிப்போனார்.

"என்ன மாப்பிள, விடியமுன்னயே ஊத்திட்டீரோ?" என்றார் மச்சான்.

குழாயடி வரிசையிலிருந்து தங்கம் குடத்தோடு ஓடிவந்தாள். "ஏண்ணே, வாய்க்கு வந்தபடி பேசாத! அவுக குடிக்கல. பாடிட்டு வாராக!"

ஹவில்தார் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார். "சேட், இஸ்கா தம் தேக்கோ! மேரா தம் நிகல் கயா!" (இவன் மூச்சைப் பார், துரத்தின எனக்குத்தான் மூச்சு போச்சு.)

மச்சான் காதில் அது ஏறவில்லை. என்னைத் தட்டில் ஏற்றினார். எண்பத்திரண்டு.

"பாலம் முழுக்க ஒரே மூச்சுல வந்தேன் மச்சான்!"

"நாம பாலத்தோடயா ஆடப்போறோம்? தராசு சொன்னா சொன்னதுதான்."

"பேன்ட்டப் பாருங்க, ஒரு சாண் லூசு!"

"கயித்த இறுக்கிக் கட்டும்."

கோபத்தில் கயிற்றை உருவிக் காட்டினேன். குழாயடி மொத்தமும் பார்க்க, பேன்ட் காலடியில் விழுந்தது. உள்ளே சடுகுடு டவுசர் இருந்ததால் பாதி மானம் மிஞ்சியது. ஹவில்தார் மட்டும் கை தட்டினார்.

அம்பர்நாத்தில் எனக்குப் பதிலாக மச்சானின் சித்தப்பா மகன் இறங்கினான். அறுபத்தெட்டு கிலோ. கோட்டைத் தாண்டிய நாலாம் அடியில் மூச்சு அறுந்து பிடிபட்டான். தோற்றோம். நான் கோட்டுக்கு வெளியே, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நின்றேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கூப்பிட்ட குரலுக்குப் பதில் தராவிட்டால், "சும்மா விடு, பாலத்துல போறாக" என்பார்கள். சிரிக்கட்டும். நானும் சிரிப்பேன். பொய்யைத்தான் விடமாட்டேன்.

வருகிற ஞாயிறு சங்க ஆண்டுவிழா. தலைவர் நாற்காலியில் மச்சான் இருப்பார், மைக் கைக்கு வரும். மச்சான், போலீஸ் கதை வேண்டாம். நிறுத்தது நீங்கள், ஒதுக்கியதும் நீங்கள். ஓடக்கூடியவனை உட்காரவைத்து எடை பார்த்தது என்ன நியாயம்? என்னிடம் தனியாக வந்து முனக வேண்டாம். அந்த மைக்கில், தெரு முழுக்கக் கேட்க, பதில் சொல்லுங்கள்.