புதைத்த இடத்தைக் காட்டு

வெட்டிப் புதைத்த எதுவும் திரும்பி வராது என்று இருபத்திரண்டு வயது வரை நம்பியிருந்தேன். (மனுசங்க விஷயத்தில் அது சரிதான். புல்லுக்கு அதை யாரும் சொல்லவில்லை.)

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே சொரண்டியால் சுரண்டிய புல்லை நிரைகளுக்கு நடுவே குழி வெட்டிப் புதைப்போம், மக்கி உரமாகும். சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷமிருக்கும். மாத்தளை டவுன் பூங்காவில் களை பிடுங்க ஆள் எடுத்தார்கள். ஆறு மாதம் பார்த்து நிரந்தரமாக்குவார்களாம். உடனே கங்காணியிடம் போய், "இனி காலையில ஒங்க பெரட்டுல வந்து பேர் குடுக்க மாட்டேங்க" என்று சவடால் அடித்தேன். மறுநாளே தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள். குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிற்று. டவுனில் ஒரு ஒண்டுக் குடித்தனம். பூங்கா வேலையும் போனால் அம்மாவுக்கும் எனக்கும் தெருதான்.

பூங்காவில் பாதி இலுக்குப்புல். இடுப்புயரம், தொட்டால் கையைக் கிழிக்கும். காவல்காரர் ஹனிபா நானா முதல் நாளே எச்சரித்தார்.

"தம்பி, இதோட வேரு ஒரு விரல் நீளம் மண்ணுல கெடந்தாலும் மொளைக்கும். பொறுக்கிக் காயவச்சு எரிச்சிருங்க."

"நானா, இது சொரண்டி புடிச்சே வளந்த கையி. எனக்கே புல்லப் பத்திச் சொல்றீங்களா?"

"சரி, ஒங்க இஷ்டம்."

வேர்களைத் துண்டு துண்டாகக் கொத்தி, ரோஜாப் பாத்திகளில் நாற்பத்தொரு குழி வெட்டிப் புதைத்தேன். என்னைத் தவிர யாருக்கும் இடம் தெரியாதபடி மண்ணை மட்டம் தட்டினேன். சிங்களவரான ஓவசியர் மாத்தயா பார்த்துவிட்டு, "ஹொந்தாய், ரொம்ப நல்லாயிருக்கு" என்றார்.

பிறகு மூன்று வாரம் விடாத மழை. ஒரு காலை போய்ப் பார்த்தால் பாத்தியெங்கும் ஊசி ஊசியாக இலுக்கு. ரோஜாவைத் தேட வேண்டியிருந்தது.

"தம்பி, ஒங்க உரம் நல்லா வேலை செய்யுது" என்றார் நானா.

பிடுங்கப் பிடுங்க நுனி மட்டும் கையோடு வந்தது. பத்து மணிக்கு ஓவசியர் வருவார். நான் ஓடினேன். அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஸ்டேசனுக்கு. கண்டியில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. ஆனாலும் கண்டி ரயிலுக்குத்தான் காத்திருந்தேன், கையில் சொரண்டியோடு. (அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.)

ரயிலுக்கு முந்தி நானாவின் சைக்கிள் வந்தது.

"ஓவசியர் ஒங்கள ஒடனே கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"பொலிசும் வந்திருக்கா நானா?"

"ஏன், ஆளையா பொதச்சீங்க?"

திரும்பும் வழியெல்லாம் மழையில் நனையும் எங்கள் சட்டி பானைகளே கண்ணில் நின்றன. காலில் விழுவதா, கையைப் பிடிப்பதா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

இரண்டுக்கும் ஓவசியர் நேரம் தரவில்லை. "எங்க பொதைச்சது? காட்டு."

கொலைகாரன் அடையாளம் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டினேன். நாற்பத்தொன்று முடிந்ததும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எடம் ஒனக்கு மட்டுந்தான் தெரியும். ஒன்ன வெரட்டினா யாரு தோண்டுறது? தோண்டு!"

ரயிலடிக் கதை அம்மாவுக்கும் தெரிந்துபோயிற்று. கண்ணை மூடும்வரை, "என்னைய விட்டுட்டுக் கண்டிக்கு ஓடுன மகன்" என்றுதான் வந்தவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினாள். வீட்டில் கத்தரிக்கோல் காணோமென்றால் இன்றும் என் மனைவி பிள்ளைகளிடம் சொல்வாள்: "ஒங்கப்பாகிட்ட கேளுங்க, எங்கயாச்சும் பொதச்சிருப்பாரு."

வேலை போகவில்லை, நிரந்தரமாயிற்று. பதினெட்டு வருஷமாக அதே நாற்பத்தொரு குழிகளைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். இந்த மழைக்கும் இலுக்கு முளைத்திருக்கிறது.