கிருமியும் கருமியும்

சனிக்கிழமை காலையில் சாகக் கிடப்பது என்று முடிவு செய்தேன்.

காரணம் என் மச்சான் கம்லேஷ். எங்கள் பிஜித் தீவின் லம்பாசா ஊர் முழுக்கத் தேடினாலும் அப்படியொரு கருமி அகப்படமாட்டான். வாசலில் சிமெண்ட் போட ஆள் வைக்கமாட்டான். தங்கச்சி புருஷனான என்னைக் கூப்பிடுவான். அதுவும் எங்கள் ஊர் ரக்பி அணி இறுதி ஆட்டம் ஆடும் நாளில்!

மார்க்கெட் சுவரில் சுகாதாரக்காரர்கள் ஒட்டியிருந்த நோட்டீஸ்தான் என்னைக் காப்பாற்றியது. வெளியே கிடந்த சோற்றில் கிருமி பெருகுமாம். இதைவிட வசதியான வியாதி எங்கே கிடைக்கும்? கட்டிலில் விழுந்தேன்.

“ப்ரனீதா! வயித்தப் பொரட்டுது! ராத்திரி பூரா வெளிய கெடந்த சோத்தக் காலைல தின்னுட்டேன்!”

“ஐயையோ! சூடாவது பண்ணினீங்களா?”

“கொதிக்கக் கொதிக்க! சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாதாம்டி!”

“அப்போ அண்ணன் வீட்டுச் சிமெண்ட்?”

“அங்க கருமி, இங்க கிருமி. நான் ஒருத்தன் எத்தனை பேரோட போராடுவேன்?”

பக்கத்து வீட்டு நர்ஸ் லிதியாவை இழுத்து வந்துவிட்டாள் மனைவி.

“எத்தனை வாந்தி, விம்லேஷ்?”

“மூணு... நாலு... ஏழு!”

“ஏழா? அப்போ இன்னைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி மட்டும்தான்.”

“சமைச்சு வச்ச ஆட்டுக்கறி?” என்றாள் ப்ரனீதா.

“மூச்!” என்றாள் லிதியா.

லிதியா என் நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணை இழுத்து, வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஏதோ உருட்டும் சத்தம். பிறகு வாசலில் கார் கிளம்பியது. ஆட்டுக்கறி போய்விட்டது. போகட்டும், ஆட்டம் இருக்கிறதே! லிதியா படியிறங்கியதும் கூடத்துக்கு ஓடினேன்.

டிவி இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

போன் போட்டேன். “டிவி எங்கடி?”

“இங்க அண்ணன் வீட்டுலதாங்க. அண்ணன் டிவி ரிப்பேர். மேட்சுக்காக சிமெண்ட் வேலைய நேத்தே அடுத்த வாரம் தள்ளி வச்சுட்டாரு.”

“நேத்தே தெரியுமா? சொல்ல வேண்டியதுதானே!”

“சொல்றதுக்குள்ளதான் சாகக் கெடந்தீங்களே. வேணும்னேதான் சிமெண்டப் பத்திக் கேட்டுப் பாத்தேன், கருமி கிருமின்னீங்க.”

“எனக்குச் சரியாயிடுச்சு! இதோ வரேன்!”

“அலையாதீங்க, ஏழு வாந்தி எடுத்த ஒடம்பு. ஆமா, நேத்து மிஞ்சின சோத்த ராத்திரியே நான் ஃப்ரிட்ஜுல வச்சுட்டேனே? இப்போ அதத்தான் முட்டை போட்டு வறுத்து அண்ணனுக்குக் குடுத்தேன்.”

அங்கே ஒரே கூச்சல். யாரோ கோல் கோட்டைத் தாண்டியிருக்கவேண்டும்.

“என்னங்க, அண்ணன் கேக்கறாரு: காலைல நீங்க சாப்பிட்டப்பவும் உப்பு கம்மியாத்தான் இருந்துச்சா?”