பத்தே கால் கோச்சி

மாத்தளையோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் யாரும் மூணாம் நம்பர் நானாவின் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. இந்த மாவட்டத்தில் ஓடும் ரயில்களில் பாதிக்கு மேல் அந்த வீட்டுக்குள்தான் ஓடுகின்றன. மிச்சத்தில் அவர் ஏறுவதே இல்லை. ரயிலில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். கண்டிக்குப் போவதென்றால் பஸ்ஸில், ஜன்னலோரமாக, கையில் ஒரு தேசிக்காயை வைத்து மணந்துகொண்டே போவார்.

கல்யாணமான புதிதில் அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு சீகிரியாவில் ஹோட்டல் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். எனக்கு டவுனில் அரசாங்க அலுவலகம். கீழே நானாவும் அவர் மனைவி ராத்தாவும். நானா பிரதான வீதியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தவர். அறுபது வயதாகும் முன்பே கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, முன் அறை நிறையத் தண்டவாளம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கடையை விட்டாலும் கடை அவரை விடவில்லை. அந்த அறையின் மலைகளெல்லாம் கவிழ்த்துப் பச்சை பூசிய பேசின்கள். சுரங்கங்கள் அடி வெட்டிய வாளிகள். இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய அக்கா மகள் தேடி வாங்கி அனுப்பிய கையளவு எஞ்சின்கள் நாற்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு லஞ்ச் பொக்ஸுக்குள், மூடியில் பெயர் ஒட்டி, பஞ்சு மெத்தையில் படுத்திருக்கும்.

"கடை வச்சிருந்த மனிசன்ட வீட்டில சோறு கட்ட ஒரு பொக்ஸ் இல்ல," என்பார் ராத்தா. "எஞ்சினுக்கெல்லாம் மூடியோட ஈக்கி."

மூணாம் நம்பர் என்ற பெயர் வந்தது நாங்கள் குடிவந்த வருடத்தில். அதுவரை அவருடைய ரயில்கள் பழைய முறையில் ஓடின. குமிழைத் திருப்பினால் தண்டவாளத்தில் மின்சாரம் கூடும், அதன் மேல் நிற்கிற எஞ்சினெல்லாம் ஓடும். ஒன்றை நிறுத்தி ஒன்றை ஓட்டுவது பெரிய பாடு. அக்கா மகள் டிஜிட்டல் கருவியொன்றும் ஏழு சிப்புகளும் அனுப்பி வைத்தாள். விரல் நகமளவு சிப். அதை எஞ்சினுக்குள் வைத்துவிட்டால் அந்த எஞ்சினுக்கு ஒரு நம்பர் வந்துவிடும். கருவியில் எந்த நம்பரை அழைக்கிறோமோ அந்த எஞ்சின் மட்டும் நகரும், மற்றவை கும்பிட்ட கையோடு நிற்கும்.

நானா மூன்று நாள் சாப்பாட்டை மறந்து ஏழு எஞ்சின்களுக்கும் சிப் வைத்தார். நாலாம் நாள் வீதியிலுள்ள அத்தனை பேரையும் அழைத்து, பிளாஸ்டிக் கதிரைகளில் இருத்தி, பிஸ்கட் கொடுத்து, "இப்ப சிவப்பு எஞ்சின் மட்டும் போகும், பாருங்க" என்று அறிவித்தார். கடைக்குப் புதிதாக வரும் சிப் எல்லாம் மூன்றாம் நம்பரோடுதான் வரும் என்பதும், அதை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் என்பதும் கையேட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. நானா இரண்டாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியவர். அவர் மூன்றை அமத்தினார். ஏழு எஞ்சின்களும் ஏழு இடத்திலிருந்து புறப்பட்டன. இரண்டு, வாளிக்குள் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டன. ஒன்று மேசை விளிம்பு தாண்டி எதிர்வீட்டு ஆளின் மடியில் இறங்கியது.

வீதியே சிரித்தது. நானா அசரவில்லை. "ஒருத்தர கூப்பிட்டா ஏழு பேரும் வாறாங்க. அதுக்குப் பேர் ஒத்தும. நம்ம வீதியில ஈக்கா அது?" என்றார்.

அன்றிலிருந்து அவர் மூணாம் நம்பர் நானா. அவரும் பெயரை மாற்றச் சொல்லவில்லை.

என் மகள் தாரணி பிறந்த பிறகு நான் அவரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். சிப் வைக்க அவர் ஈயம் உருக்கி வயர் ஒட்டுவார். ஈயப் புகை கைக்குழந்தைகளுக்குக் கூடாது என்று கைபேசியில் வாசித்தேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம். நம்மை நம்பி வீடு தந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்து, கடைசியில், "நானா, அந்தப் புகை மேலே வருதுங்களா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

அன்று பின்னேரம் எட்டிப் பார்க்கிறேன், பின்வளவில் கொய்யா மரத்தின் கீழே மேசை போட்டிருக்கிறார். மழை. கிளையில் குடையைக் கட்டி, ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஈயம் உருக்குகிறார். எள்ளளவு திருகாணி ஒன்று புல்லுக்குள் விழுந்து, நூலில் காந்தத்தைக் கட்டி இரண்டு நாள் புல்லை மேய்த்துக்கொண்டிருந்தார். தாரணியைப் பார்க்க வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுவார். "ஜும்மா தொழப் போற மாதிரி கழுவி ஈக்கி மகள். மணந்து பாருங்க."

தாரணிக்கு ஏழு மாதமானபோது என் லீவு முடிந்தது. என் அம்மா எல்கடுவ தோட்டத்தில் இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறவர். சேவைக்காலம் முடிய இரண்டு வருடம் இருந்தது. ராத்தா தானாகவே, பிள்ளையை நான் பார்க்கிறேன் என்றார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், அவரில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வயரும் திருகாணியும் நாற்பத்தொரு எஞ்சினும் உள்ள வீட்டில், தவழக்கூடத் தெரியாத பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாமா? போகலாம் என்று காலையில் முடிவெடுப்பேன், பின்னேரம் கூடாது என்பேன். கடைசியில் நாலு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். எத்தனை மணிக்குக் கஞ்சி, எந்தக் கரண்டி, எந்தப் பக்கம் சரித்துப் படுக்க வைப்பது. ராத்தா வாங்கி, வாசிக்காமல் மடித்து வைத்தார். நானா அதை எடுத்து நாலு பக்கத்தையும் எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு என்னை மரியாதையோடு பார்த்தார்.

"எல்லாம் சரி மகள். டைம்டேபிள் ஒன்னுதான் குறை."

அடுத்த நாள் முன் அறைச் சுவரில் துளை போட்டார். தண்டவாளம் அறையை விட்டு வெளியே வந்தது. சமையலறை வாசலைக் கடந்து, ஹோலின் சுவரோரமாகப் போய், தாரணிக்குப் பன்பாய் விரிக்கும் ஜன்னலடியில் முடிந்தது. ஒரு நீல எஞ்சின், பின்னால் ஒரு தட்டைப் பெட்டி, அதன் மேல் தீப்பெட்டியளவு கமரா. அது எடுக்கும் படம் என் கைபேசிக்கு வரும். நான் அலுவலகத்திலிருந்தே பிள்ளையைப் பார்க்கலாம்.

பிள்ளை தண்டவாளத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். நானா சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து, மின்சாரம் ஓடும் தண்டவாளத்தில் நாக்கை வைத்தார்.

"புளிக்குது. அவ்வளவுதான்."

"முப்பத்தஞ்சு வருஷமா என்ட கறிக்கு இப்பிடி நாக்கு நீட்டல்ல," என்றார் ராத்தா.

கழன்று விழக்கூடிய திருகாணியை எல்லாம் என்னுடைய நகப்பூச்சை வாங்கிப் பூசி இறுக்கினார். அதனால் அந்த எஞ்சின் அடியில் மட்டும் ரோஸ் நிறம். மற்ற எஞ்சின்களுக்கெல்லாம் அதற்குள் ஒழுங்காக நம்பர் கொடுத்திருந்தவர், இதற்கு மூன்றையே விட்டுவைத்தார். தனக்கு எல்லாம் மறந்துபோனாலும், மூன்றை அமத்தினால் ஓடும் என்பது அவர் கணக்கு.

கதவில் மூன்று மொழியிலும் நேர அட்டவணை ஒட்டப்பட்டது. சமையலறைச் சந்தி பத்து பன்னிரண்டு. பாப்பா தரிப்பிடம் பத்தே கால். மத்தியானம் இன்னொரு தடவை. பத்துப் பன்னிரண்டுக்குத் தான் அரிசி களையப் போகும் வழியில் ரயில் வருகிறது, ஐந்து நிமிடம் தள்ளி விடுங்கள் என்று ராத்தா சொல்லிப் பார்த்தார். நேர அட்டவணையை வாய்ப்பேச்சில் மாற்ற முடியாது, கடிதம் தர வேண்டும் என்றுவிட்டார் நானா. ராத்தா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். நானா கடை முத்திரையைக் குத்தி வாங்கி, திகதி போடவில்லை என்று திருப்பி அனுப்பினார். ராத்தா அதற்குப் பிறகு கடிதம் எழுதவில்லை. பத்துப் பன்னிரண்டுக்கு ரயிலைத் தாண்டியே போய் வந்தார்.

அலுவலகத்தில் பத்தே காலுக்கு என் மேசையைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். நாலந்தாவிலிருந்து வரும் சிங்கள நோனா ஒருவர் தேநீரோடு வந்து, "கோச்சிய ஆவத?" என்று கேட்பார். கோச்சி, அதாவது ரயில், வந்துவிட்டதா என்று அர்த்தம். திரையில் முதலில் ராத்தாவின் கால் தெரியும். பிறகு பூனையின் வால். பிறகு கதிரைக் கால்கள், ஒரு கிலுகிலுப்பை, கடைசியில் பாயில் குந்தியிருக்கும் என் பிள்ளை, ரயிலைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டு. நான் அதற்குப் பிறகுதான் தேநீர் குடிப்பேன்.

சிரித்தாளே ஒழிய அவள் தவழவில்லை. எட்டு மாதம் முடிந்தது, ஒன்பதும் முடிந்தது. கிளினிக்கில் நர்ஸ் மிஸ், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார். எதைப் பார்ப்பது? நான் வேலைக்கு வந்ததால்தான் பிள்ளை பிந்துகிறதோ என்று யோசித்தேன். நாலு பக்கக் குறிப்பில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன் என்று தோன்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்குத் திரையில் ராத்தாவின் கால் வந்தது. பூனையின் வால் வந்தது. பாய் வந்தது. பாயில் பிள்ளை இல்லை. படம் ஒரு குலுக்குக் குலுங்கியது. ஈரமாக, ரோஸ் நிறத்தில் ஏதோ ஒன்று கிட்ட வந்தது. அதற்குப் பிறகு இருட்டு.

நானாவின் போனுக்கு எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. ராத்தாவின் போனும் அப்படித்தான். வெளியே போகும் புத்தகத்தில் கையெழுத்துக்கூடப் போடாமல் ஓடினேன்.

"என்ன மிஸ், ஆஸ்பத்திரிக்கா?" என்றார் முச்சக்கரவண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்து.

"வீட்டுக்குப் போங்கண்ணே. கோச்சி நின்னுடுச்சு."

"அப்ப ஸ்டேஷனுக்குத்தானே போகணும்?"

அவருக்கு விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை. பஸ் நிலையத்துக்கு முன்னால் வண்டி நின்ற அந்த இரண்டு நிமிடத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நாக்கு வைத்துக் காட்டிய மனிதரை நம்பிப் பிள்ளையைக் கொடுத்தேனே என்று ஒரு நினைவு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

கதவு திறந்திருந்தது. ராத்தா கையில் அகப்பையோடு சமையலறை வாசலில் சிலை மாதிரி நின்றார். நானா ஹோலின் நடுவில் குப்புறப் படுத்திருந்தார், தாடை தரையில் பட, கருவியின் சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அமத்திப் பிடித்தபடி. அந்தப் பொத்தானை அமத்தினால் வீட்டிலுள்ள ரயில் எல்லாம் நின்றுவிடும். அவருக்கு எதிரே, பன்பாயிலிருந்து மூன்று முழம் தள்ளி, தாரணி குந்தியிருந்தாள். எஞ்சின் மடியில், கமரா வாயில்.

"சத்தம் போடாதீங்க மகள்," என்றார் நானா மெல்ல. "பெசஞ்சர் தானா வந்து ஏறி ஈக்கி."

ரயில் வருவதைப் பார்த்து அவள் ஒரு கையை முன்னால் வைத்திருக்கிறாள். பிறகு முழங்கால். பிறகு மற்றக் கை. பார்த்த மாத்திரத்தில் நானா சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு, அப்படியே படுத்துவிட்டார். எழுந்தால் பிள்ளை பயந்து விழுந்துவிடும் என்று எழவில்லை. ராத்தாவையும் அசையவிடவில்லை.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வாயைத் துடைத்து, கை கால் எல்லாம் பார்த்து முடித்த பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை.

"ஏன் நானா போனை எடுக்கல?"

"விரல எடுத்தா கோச்சி நகந்துடுமோன்னு பயம்."

"அத ஒரு தடவ அமத்தினா போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓ. ஒரு தடவ போதும்தான்." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "தெரியும் மகள். தெரிஞ்சும் எடுக்க பயமா ஈந்திச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. உலகத்தில் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றிலிருந்து நான் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை. கரண்டியைப் பற்றி மட்டும் எழுதினேன்.

தாரணியின் எச்சில் மடியிலிருந்த எஞ்சினுக்குள் வழிந்து அந்தச் சிப் செத்துப்போனது. நானா வேறு சிப் வைத்தார், கொய்யா மரத்தின் கீழே, குடையோடு. அதுவும் மூன்றாம் நம்பர்.

போன வருடம் எனக்கு நாலந்தாப் பக்கம் இடமாற்றம் வந்தது. கணவருக்கும் அது கிட்ட. வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்று நானா வெளியே வரவில்லை; பெரிய வேலையொன்று இருக்கிறது என்று முன் அறைக்குள் இருந்துவிட்டார். தாரணி இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். அவளைப் பிடிக்க இப்போது எனக்குத்தான் ரயில் வேண்டும்.

புது அலுவலகத்தில், பழக்க தோஷத்தில், ஒரு நாள் பத்தே காலுக்குக் கைபேசியைத் திறந்தேன். ராத்தாவின் கால் வந்தது. பூனையின் வால் வந்தது. கதிரைக் கால்களைத் தாண்டி ரயில் ஜன்னலடியில் வந்து நின்றது. அங்கே பாய் இல்லை, வெறும் தரைதான், அதில் கொஞ்சம் வெயில். ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும்.

போன் எடுத்து, ஏன் நானா இன்னும் ஓட்டுறீங்க, அங்கதான் யாரும் இல்லையே என்று கேட்டேன்.

"டைம்டேபிள்ள ஈக்கே மகள். நிப்பாட்டச் சொல்லி லெட்டர் ஒன்னும் வரல்லயே."

நான் இன்னும் எழுதவில்லை. என்றைக்காவது எழுத வேண்டி வந்தால், திகதி போடாமல்தான் அனுப்புவேன்.