இக்னேசியஸ் அரித்த பொன்

மனைவியின் தங்க ஆசையை ஒரே வார இறுதியில் அறுத்துவிடுவது என்று இக்னேசியஸ் முடிவெடுத்தார். ஐம்பத்தாறு வயதில் ஓர் ஆண் எடுக்கும் முடிவுகள் மிக உறுதியானவை. அதனால்தான் அவற்றை மனைவிக்குச் சொல்லாமல் எடுக்கிறான்.

விசயம் இதுதான். அவர்களுடைய கலியாணத்தின் வெள்ளிவிழா வருகிறது. கோயிலில் பூசை வைத்து, பங்குச் சுவாமி தாலியை ஆசீர்வதித்து, இக்னேசியஸ் அதை மறுபடியும் றெஜினாவின் கழுத்தில் போடவேண்டும். அதற்கு முன் தாலிக்கொடியை அழித்து இன்னும் பெரிதாகச் செய்யவேண்டும் என்பது றெஜினாவின் தீர்மானம். போன வருடம் அவளுடைய தமையன் றிச்சர்ட்டின் மனைவி நிலாணி தன் கொடியை அழித்துச் செய்தாள். பூசையில் நன்மை வாங்கிவிட்டு முழந்தாளிட்டவளைக் கொடியின் பாரத்தோடு எழுப்ப இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது என்று இக்னேசியஸ் சொல்லித் திரிந்தார். றெஜினா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. அளவாக எடுத்துக்கொண்டாள்.

இக்னேசியஸ் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். சனிக்கிழமையும் போவார். இந்த வருடத்தோடு சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு, ரொறொன்ரோவில், ஸ்காபரோவின் மில்லிக்கன் பகுதியில் இருந்த தங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு கதிரையைப் போட்டு ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பது அவருடைய இலட்சியம். சிலர் இமயமலை ஏற ஆசைப்படுகிறார்கள், இவருக்குக் கதிரை. கொடி பெருத்தால் கதிரை போய்விடும். வாதம் செய்து பார்க்கலாம்தான். ஆனால் றெஜினாவுடன் அவர் வாதத்தில் வென்றது ஒரே ஒருமுறை. அப்போது அவள் நித்திரையாகியிருந்தாள்.

ஆகவே அவர் இணையத்தில் தேடினார். ரொறொன்ரோவிலிருந்து சில மணி நேரத் தூரத்தில் ஒரு பழைய ஊர் அகப்பட்டது. ஒரு காலத்தில் அங்கே தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுச் சனம் அள்ளுப்பட்டு வந்திருக்கிறது. வந்தவர்கள் தோண்டினார்கள், தோற்றார்கள், போனார்கள். மிஞ்சியது ஒரு ஹோட்டல். இதைவிட நல்ல பிரசங்கத்தை எந்தச் சுவாமியும் வைக்கமுடியாது என்று இக்னேசியஸ் நினைத்தார்.

"வெள்ளிவிழாவுக்கு முதல் நாங்கள் ரெண்டு பேரும் எங்கையாவது போய்த் தங்குவமே?" என்று கேட்டார்.

றெஜினா அகப்பையைக் கீழே வைத்தாள். "ஏன், டொக்டர் ஏதும் சொன்னவரோ?"

"சும்மா கேட்டனான்."

"நீங்கள் சும்மா ஒண்டும் கேக்கிற ஆளில்லை. எங்கை?"

"ஒரு பழைய ஊர். முந்தித் தங்கம் எடுத்த இடம். பழைய ஹோட்டல் ஒண்டும் இருக்கு."

"தங்கமோ?" அவளுடைய முகம் மலர்ந்தது. "அப்ப கட்டாயம் போவம்."

மீன் தானாகவே பறிக்குள் பாய்ந்தது. வழக்கமாக இக்னேசியஸ் எதையும் மூன்று தரம் யோசிப்பவர். நேற்றுச் சொன்ன காலை வணக்கத்தைக்கூட, சரியான தொனியில் சொன்னேனா என்று இன்று யோசிப்பவர். மீன் ஏன் பாய்கிறது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

ஹோட்டலின் விளம்பரத்தில் 'வரலாற்றுச் சிறப்பு' என்று போட்டிருந்தார்கள். அதன் பொருள் நேரில் விளங்கியது. லிஃப்ட் இல்லை, அது வரலாறு. குழாயில் சுடுதண்ணீர் வருவதற்குள் குளிக்கும் ஆசை போய்விடும், அதுவும் வரலாறு. கட்டிலின் நடுவே இருந்த பள்ளம், அந்தக் காலத்தில் தோண்டியவர்கள் விட்டுப்போன சுரங்கமாக இருக்கவேண்டும். கைத்தொலைபேசிக்குச் சிக்னலும் இல்லை. நகைக்கடைக்காரனால் இங்கே கூப்பிட முடியாது என்பதால் அந்தக் குறையை மட்டும் இக்னேசியஸ் மன்னித்தார்.

கீழ் மண்டபத்தின் சுவரில் தாடி வைத்த மனிதர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. இக்னேசியஸ் தொண்டையைச் செருமினார்.

"பாரும் றெஜினா. காணி பூமியை வித்துப்போட்டு வந்தவங்கள். தங்கம் தங்கமெண்டு அலைஞ்சு, கடைசியிலை கோவணமும் மிஞ்சேல்லை."

"ஐயோ, பாவங்கள்."

"உதிலையிருந்து என்ன விளங்குது?"

றெஜினா படங்களைக் கிட்டப்போய்ப் பார்த்தாள். "மனுசிமாரைக் காணேல்லையே?"

"விட்டிட்டு வந்தவங்கள்."

"அதுதானே பாத்தன். கூட்டிக்கொண்டு வந்திருந்தால் கடையிலை வாங்குங்கோ எண்டு சொல்லியிருப்பாளவை. ஆரப்பா மண்ணுக்குள்ளை போய்த் தேடுறது?"

பிரசங்கம் முடிந்தது. பரவாயில்லை, நாளைக்கு ஆறு இருக்கிறது என்று இக்னேசியஸ் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு சிற்றாறு ஓடியது. காலையில் விருந்தினர்கள் அதில் இறங்கி, பழைய நாட்களைப் போலத் தகரத்தட்டில் மணலை அரித்துத் தங்கம் தேடலாம். ஹோட்டல்காரி வெள்ளைத் தலைமுடியும் இறப்பர் சப்பாத்துமாக எல்லோரிடமும் மாறி மாறிப் போய், புதிதாக மணல் அள்ளும் ஒவ்வொரு தரமும் தட்டை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிக்கொடுத்தாள்.

"உந்த விசர் வேலைக்கு நான் வரேல்லை," என்று இக்னேசியஸ் கரையில் நின்றார்.

"சும்மா குந்துங்கோப்பா. ஒரு படம் எடுத்துப் பிள்ளையளுக்கு அனுப்புவம்."

குந்தினார். அரித்தார். தட்டில் கறுப்பு மணல்தான் இருந்தது. அவருக்கு அளவில்லாத சந்தோசம்.

"பாத்தீரே? ஒண்டுமில்லை. இவ்வளவுதான் தங்கம். இவ்வளவுதான் வாழ்க்கை." தட்டை ஆற்றில் கவிழ்த்தார்.

"இன்னொருக்கால் அரியுங்கோ."

"இந்தாரும், இதிலையும் ஒண்டுமில்லை." அதையும் கவிழ்த்தார்.

றெஜினா அறைக்குப் போய், அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து மூக்கில் மாட்டிவிட்டாள். "கடைசியா ஒருக்கால். எனக்காக."

இக்னேசியஸ் பெருமூச்சு விட்டபடி தட்டைச் சுழற்றினார். கறுப்பு மணலின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. குனிந்தார். மஞ்சளாக, எள்ளில் பாதியளவில், ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.

அதன் பிறகு அவரைக் கரைக்கு எடுக்க முடியவில்லை.

"சாப்பிட வாங்கோப்பா."

"நீர் போம்."

"சூப் ஆறுது."

"ஆறட்டும்."

"முழங்கால் நோகேல்லையோ?"

"மெல்லக் கதையும்! மற்றவைக்குக் கேக்கப்போகுது."

சற்று மேலே, ஹோட்டலில் தங்கியிருந்த, பணியிலிருந்து இளைப்பாறிய ஓர் ஆசிரியர் அரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தட்டில் ஏதோ மினுங்கியதாகப் பட்டதும், இக்னேசியஸ் பணிவாக மன்னிப்புக் கேட்டபடியே அவரை முழங்கையால் தள்ளிவிட்டு அந்த இடத்தில் குந்தினார். சுவரில் தொங்கிய தாடிக்காரர்கள் பார்த்திருந்தால் தங்களில் ஒருவன் என்று சேர்த்திருப்பார்கள்.

பின்னேரம் விறாந்தையில் உட்கார்ந்து, ஹோட்டலில் கொடுத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே தண்ணீரில் துகள்கள் புரண்டன.

"கடையிலை வாங்கினதில்லை, றெஜினா. என்ர கையாலை எடுத்தது."

"ஓமப்பா. கெட்டிக்காரன்தான். உதை என்ன செய்யப்போறியள்?"

"வைச்சிருப்பம்."

"துலைஞ்சிடும். கொடியோடை சேத்து உருக்கினால் ஒரு நாளும் துலையாது." நிறுத்தினாள். "ஆனா வேண்டாம். அதுக்கு முழுக்கொடியையும் அழிக்க வேணும். உங்களுக்குத்தான் தங்கத்திலை விருப்பமில்லையே."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்."

"கடைத் தங்கத்தைத்தானே சொன்னனான்! இது வேறை. கொடியை அழியும், சேத்து உருக்குவம்."

"இவ்வளவு சின்னத் துகள் அந்தக் கொடியிலை தெரியவே தெரியாது. பெரிசாச் செய்தால்தான் வடிவு. வேண்டாமப்பா, விடுங்கோ."

"நான் சொல்லுறன், பெரிசாச் செய்யும்!"

அத்துடன் நின்றிருந்தால் தப்பியிருப்பார். கூடத்தில் இருந்த பழைய தொலைபேசியில் மச்சானையும் கூப்பிட்டார்.

"றிச்சர்ட், உம்மட மனுசியின்ர கொடி கடையிலை செய்தது. என்ர மனுசிக்கு நானே ஆத்திலை இறங்கி அரிச்ச தங்கத்திலை செய்யப்போறன். அதைவிடப் பெரிசா. நாலு பேருக்குச் சொல்லும்!"

றிச்சர்ட் நாலு பேரோடு நிறுத்துகிற ஆளில்லை. நிலாணி அவரையும் விட. விடிவதற்குள் ஸ்காபரோ முழுவதும் தெரிந்திருக்கும், சுவாமிக்கும் தெரிந்திருக்கும்.

காலையில் றெஜினா காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இக்னேசியஸ் அறையின் திறப்பைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் ஹோட்டல்காரியிடம் மட்டும் இரகசியமாகக் கேட்டார், ஆற்றில் இன்னும் மேலே போனால் கூடக் கிடைக்குமா என்று.

ஹோட்டல்காரி சிரித்தாள். "இந்த ஆற்றில் தங்கம் என் கொள்ளுப்பாட்டன் காலத்திலேயே முடிந்துவிட்டது. விருந்தினர்கள் வெறுங்கையோடு போகக்கூடாதென்று, சுழற்றிக் காட்டும்போது நாங்கள்தான் தட்டில் ஒரு கிள்ளுத் தூவுகிறோம். உங்களுக்குக் கொஞ்சம் கூடத் தூவச்சொல்லி உங்கள் மனைவி போன கிழமையே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்."

இக்னேசியஸ் சட்டைப்பையிலிருந்த குப்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல பொறுமைசாலி அவர்," என்றாள் ஹோட்டல்காரி. "முதல் இரண்டு தரமும் தூவியதை நீங்கள் ஏதோ தத்துவம் பேசிக்கொண்டே ஆற்றில் கொட்டிவிட்டீர்கள். கண்ணாடி போடாவிட்டால் உங்களை ஏமாற்றக்கூட முடியாதென்று அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம்."