ஒற்றைச் செருப்புத் தண்டம்

செருப்போடு வாகனம் ஓட்டுகிறவர்களுக்குத் தண்டம் போட வேண்டுமா என்று எங்கள் வீட்டில் யாராவது பேச்செடுத்தால், நான் மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். அங்கே வேலை ஒன்றும் இருக்காது. ஆனால் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தால் என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உதுகளை அனுபவமுள்ள ஆக்களிட்டைத்தான் கேக்கவேணும்" என்று என் பக்கம் திரும்புவார். பிள்ளைகள் இரண்டும் என் காலைப் பார்க்கும். அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை, ஆனால் அன்றைக்குக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்களைப் போலத்தான் சொல்வார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்லி என் மானத்தை வாங்குவதற்கு, நானே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

அது யுத்த காலம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இவருக்கு ஊர் யாழ்ப்பாணம், கண்டியில் அரசாங்க உத்தியோகம். நான் தெல்தெனியப் பக்கத் தோட்டமொன்றில் லொறி ஓட்டியவரின் மகள், டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பாதை பூட்டிக் கிடந்ததால் இவருடைய அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. (திறந்திருந்தாலும் வந்திருப்பாரா என்பது வேறு விஷயம்.) கல்யாணப் படம் மட்டும் யாரோ ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு மாமி என்னைப் பற்றிச் சொல்லியனுப்பியது ஒரே ஒரு வசனம்தான். "பெட்டை கொஞ்சம் கட்டை."

குலம் கோத்திரம், தோட்டம் துரவு என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு உயரத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த ஒரு சொல் மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது.

பிறகு அங்கே ஷெல்லடி கூடியது. மாமி ஊரைவிட்டு வெளியேற எப்படியோ பாஸ் எடுத்து, வவுனியா தாண்டி, கண்டிக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்பிட்டியவில் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்குப் போனார். இவர் தினமும் கந்தோர் வேலை முடிந்து அம்மாவைப் பார்க்கப் போவார், முகம் தொங்கித் திரும்புவார். மாமி ஊருக்கே திரும்பிப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். தங்கச்சி வீட்டில் எத்தனை நாள்தான் இருப்பது, மகன் வீட்டில் யாரென்று தெரியாத பெண்ணோடு எப்படி இருப்பது என்று கேட்டாராம். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவதாக மாமி ஒத்துக்கொண்டார். அந்த ஒரு நேரத்தில் அவரைப் பிடித்து வைக்க வேண்டியது என் பொறுப்பு.

நான் முழுமூச்சாக இறங்கினேன். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், சொதி என்று இவர் சொல்லச் சொல்லச் சமைத்தேன். எங்கள் பக்கம் 'அத்தை' என்போம், அவர்கள் பக்கம் 'மாமி'. கண்ணாடி முன்னால் நின்று "வாங்க மாமி, வாங்க மாமி" என்று பழகினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டை என்ற சொல்லை முறியடிக்க ஒரு சோடி செருப்பு வாங்கினேன். அடி முழுவதும் ஒரே கனம், செங்கல்லை வெட்டி வார் வைத்ததுபோல. போட்டுக்கொண்டு நின்றால் இவருடைய தோள் வரைக்கும் வந்தேன். நடந்தால் கரகாட்டம். ஆனால் மாமி முன்னால் நிற்கத்தானே போகிறேன், ஆடவா போகிறேன்?

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பஸ்ஸில் போவோம் என்று இவர் சொன்னதற்கு, "மாமிக்கு முழங்கால் வலின்னு சொன்னீங்கல்ல, நான் கார் எடுத்துட்டு வாறேன்" என்றேன். இவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. எனக்கோ அப்பாவின் புண்ணியத்தில் லைசன் இருந்தது. டிரைவர் மகள் என்று நினைக்கிறவருக்கு, டிரைவர் மகளின் கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டாமா?

கார் என் சித்தப்பாவுடையது. தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் அவருடைய கடை முழுவதும் எரிந்துபோனது. பின்தெருவில் நின்றதால் இந்தக் கார் மட்டும் தப்பியது. அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு அது கார் இல்லை, கோயில். முன்னால் ஒரு பிள்ளையார் படம், அதற்குத் தினமும் பூ. செருப்பைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். என்னிடம் சாவியைத் தந்தபோதும், "செருப்பு போட்டு ஏறாதம்மா, சாமி இருக்கு" என்றுதான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, தெரு முனை திரும்பியதும் அந்தச் செங்கற்களை மாட்டிக்கொண்டேன்.

அம்பிட்டியவில் மாமி வாசலுக்கு வந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. நான் படியில் ஏறி நின்று, "வாங்க மாமி" என்றேன். பழகியதுபோலவே நன்றாக வந்தது. மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவரிடம், "தம்பி, உந்தப் பிள்ளைக்கு கார் ஓடத் தெரியுமோ?" என்று கேட்டார்.

(எங்கள் பக்கம் காரை ஓட்டுவோம். அவர்கள் பக்கம் கார் ஓடுவார்கள். இந்த வித்தியாசத்தை அப்போதே ஒரு சகுனமாக நான் எடுத்திருக்க வேண்டும்.)

"ஓம் அம்மா, நல்லா ஓடுவா" என்றார் இவர்.

மாமி பின்கதவைத் திறந்தார். பிள்ளையார் படத்தைக் கண்டார். உடனே தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "சாமிப் படம் இருக்கு. செருப்போடையே ஏறுறது?" என்று பொதுவாகக் கேட்டார். பொதுவாகத்தான் கேட்டார், ஆனால் இவர் வெறுங்காலோடு முன் சீட்டில் ஏறிவிட்டார். மிச்சம் நான் ஒருத்திதான்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வெளியே நின்று கழற்றினால், மாமியின் கண் முன்னாலேயே மளமளவென்று குட்டையாகிவிடுவேன். ஆகவே மகாராணி மாதிரி செருப்போடு ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, உள்ளே வைத்தே கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். "கழட்டிட்டேன் மாமி" என்று பின்னால் திரும்பிச் சொல்லவும் செய்தேன். மாமி முதன்முதலாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அம்பிட்டியவிலிருந்து கண்டி வாவிக்கு இறங்குகிற பாதை வளைந்து வளைந்து கீழே போகும். இறக்கம் முடிகிற இடத்தில் அப்போது ஒரு செக்பொயின்ட் இருந்தது. மணல் மூட்டைகள், பாதையில் குறுக்காகத் தார் பீப்பாய்கள், துப்பாக்கியோடு நாலைந்து பேர். நான் இரண்டாவது கியரில் பவ்வியமாக இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசி வளைவில், சீட்டுக்கு அடியில் கிடந்த செருப்பில் ஒன்று மெல்ல முன்னால் வழுக்கி வந்து, பிரேக்குக்குக் கீழே போய்ச் சரியாகக் குந்திக்கொண்டது. அளவெடுத்துச் செய்ததுபோல.

நான் பிரேக்கை மிதித்தேன். அது அசையவில்லை.

"என்னங்க, பிரேக் புடிக்கல" என்றேன்.

"அமத்தும்" என்றார் இவர்.

"என்னாது?"

"அமத்தும். கெதியா அமத்தும்."

நான் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தேன். கியரில் கிடந்த கார் விக்கல் எடுத்தவன் மாதிரி குலுங்கிக் குலுங்கிப் போனது. இவர் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கார் தார் பீப்பாயில் "டங்" என்று ஒரு சின்ன முத்தம் கொடுத்துவிட்டு நின்றது. துப்பாக்கிகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன.

"நான் அமத்தச் சொன்னன். நீர் ஏன் எஞ்சினை நிப்பாட்டினனீர்?" என்றார் இவர் மெல்லிய குரலில்.

"நீங்கதானே அமத்தச் சொன்னீங்க" என்றேன்.

எங்கள் பக்கம் விளக்கை அமத்துவோம், அடுப்பை அமத்துவோம், வண்டியையும் அமத்துவோம். அமத்துவது என்றால் அணைப்பது. இவர்கள் பக்கம் அமத்துவது என்றால் அழுத்துவதாம். அணைப்பதற்கு 'நூர்ப்பது' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். இத்தனை மாதம் ஒரே பாயில் படுத்தும் இந்தச் செய்தி எனக்குத் தெரியாது. அவர் சொன்னபடி நான் அழுத்திக்கொண்டே இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இருந்திருக்காது.

மூன்று பேரும் இறங்கி நின்றோம். சார்ஜன்ட் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார். இவருடையதும் மாமியுடையதும் யாழ்ப்பாணத்து அட்டைகள். அவர் முகம் இறுகியது. என்னிடம் சிங்களத்தில், "இந்த அம்மா யார்?" என்று கேட்டார். மாமியார் என்று சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்போல. மாமியின் பக்கம் திரும்பி, என்னைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார்.

மாமி ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"என்ரை மகள்" என்றார் மாமி.

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து கிடைக்காத சொல், கிடைக்கவே கூடாத இடத்தில் கிடைத்தது. சார்ஜன்ட் நிமிர்ந்தார். ஒருத்தி மாமியார் என்கிறாள், மற்றவர் மகள் என்கிறார். இதில் யார் சொல்வது பொய் என்று கேட்டார். இவர் இடையில் புகுந்து, கந்தோர்ச் சிங்களத்தில் விளக்கினார். அவர் என் அம்மா, இவள் என் மனைவி.

"அப்படியென்றால் நீ உன் தங்கச்சியைக் கட்டியிருக்கிறாயா?"

நல்ல வேளையாக, ஏன் நிறுத்தவில்லை என்று சார்ஜன்ட் அடுத்த கேள்வியைக் கேட்டார். கேட்டுக்கொண்டே என் காலைப் பார்த்தார். "செரெப்பு கோ?"

(செருப்பு எங்கே என்று கேட்டார். அந்த ஒரு சொல்லில் மட்டும் இந்த நாட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.)

நான் காரைக் காட்டினேன். அவர் குனிந்து, பிரேக்குக்கு அடியில் நெருங்கிக் கிடந்ததைப் பிடுங்கி எடுத்துத் தூக்கிப் பார்த்தார். எனக்கு அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை. படம் பார்த்துக் கட்டை என்று சொன்னதிலிருந்து, பிள்ளையாரிலிருந்து, உள்ளே வைத்துக் கழற்றியது வரைக்கும் சிங்களத்தில் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். சார்ஜன்ட் செருப்பைப் பார்த்தார், என் உயரத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். பிறகு மற்றவர்களிடம் திரும்பித் தீர்ப்புச் சொன்னார்.

"பெற்ற தாய்க்காக ஒருத்தியும் செருப்பை ஒளித்து வைத்துச் சாகப் போக மாட்டாள். இது மாமியார்தான்."

துப்பாக்கிகள் இறங்கின. யாரோ சிரித்தார்கள். அட்டைகள் திரும்பக் கைக்கு வந்தன. இப்படிச் செருப்பு வைத்து ஓட்டுவதற்கு ஒரு தண்டம் இருக்க வேண்டும், ஆனால் அதை எழுதத் தன்னிடம் புத்தகம் இல்லை என்றார் சார்ஜன்ட். அதனால் அந்த ஒற்றைச் செருப்பையே தண்டமாக எடுத்து, மணல் மூட்டைக்கு மேலே வைத்துக்கொண்டார்.

நடந்ததையெல்லாம் இவர் மாமிக்குத் தமிழில் சொன்னார். நான் தலை குனிந்து நின்றேன். மாமி என் பக்கத்தில் வந்து வெறுங்காலோடு நின்று, தோளோடு தோள் வைத்துப் பார்த்தார். அவர் என்னைவிட ஒரு விரற்கடை குட்டை.

"அதுதான் பிள்ளை சொன்னனான்" என்றார். "படத்தைப் பாத்த உடனை, என்னை மாதிரிக் கட்டை எண்டு சந்தோசத்திலை சொன்னனான். உவன் உனக்கு என்னெண்டு சொன்னவன்?"

இவர் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி தன் கையிலிருந்த ரப்பர் செருப்பை என் காலடியில் போட்டார். "இதைப் போட்டுக்கொண்டு ஓடு பிள்ளை. பிள்ளையார் ஒண்டும் நினைக்கமாட்டார்." அந்தத் தேய்ந்த செருப்போடுதான் வீடு வரை ஓட்டினேன். சோறு ஆறிப்போயிருந்தது. மாமி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், சொதிக்குப் புளி காணாது என்றார், பின்னேரம் தங்கச்சி வீட்டிலிருந்து தன் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். பிறகு ஊருக்குப் போகவே இல்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கார் கிளம்புவதற்கு முன்னால், ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் "செரெப்பு கோ?" என்று கேட்கும். காலில் இருந்தாலும் காட்ட வேண்டும், டிக்கியில் இருந்தாலும் காட்ட வேண்டும். சட்டம் போடுகிறவர்கள் என்னைக் கேட்டால், காலில் கிடக்கிற செருப்போடு காலடியில் கிடக்கிற செருப்புக்கும் சேர்த்துத் தண்டம் போடச் சொல்வேன்.

மாமி எங்களோடுதான் இருந்தார், கடைசி வரைக்கும். முழங்கால் வலி கூடிய காலத்தில், படுக்கப் போகும்போது நான் அவருடைய காலை அமத்திவிடுவேன். அது அவருடைய சொல், எனக்குப் பழகிவிட்டது. ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, "அமத்து பிள்ளை" என்றார். நான் அமத்திக்கொண்டுதானே இருக்கிறேன் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

"காலை இல்லையடி" என்றார் மாமி. "லைட்டை."