பக்கத்து வீட்டு வெடிப்பை நான் பூசிய கதை

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவனுக்குத் "தெரியாது" என்று சொல்லும் உரிமை கிடையாது. அவன் படித்தது கணினியாக இருக்கலாம். ஆனால் காஸ் பில், அம்மாவின் இரத்தப் பரிசோதனை, குப்பைத் தொட்டி பற்றிக் கவுன்சில் அனுப்பும் எச்சரிக்கை என்று ஆங்கிலத்தில் அச்சாகி வாசலில் விழும் எதற்கும் அவன்தான் நிபுணன். எங்கள் வீட்டில் அந்தப் பதவியில் நான் இருந்தேன். நான் அதைச் சுமையாக நினைக்கவில்லை என்பதுதான் பிரச்சினையே. எனக்கு அது பிடித்திருந்தது. வேலையிலிருந்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கடிதங்களைப் பிரிப்பேன். ("ம்ம்... இது கொஞ்சம் சிக்கலான விஷயம்" என்று சொல்லிவிட்டுத்தான் வாசிக்கவே தொடங்குவேன். பல்கலைக்கழகத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.)

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருந்தது மோர்டனில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில். வருடக்கணக்காகப் பெற்றோல் ஷெட்டில் நின்றே வேலை செய்ததில் அப்பாவின் முழங்கால்கள் இரண்டும் அவரைக் கைவிட்டிருந்தன. குளியலறையும் கழிப்பறையும் மேல்மாடியில். கைபிடியைப் பிடித்துக்கொண்டு எப்படியோ ஏறிவிடுவார். இறங்கும்போது படியில் உட்கார்ந்து, சிறுபிள்ளை சறுக்குவதுபோல ஒவ்வொரு படியாக இறங்குவார். விழுந்தால் பிடிப்பதற்காக, கீழே அம்மா இரண்டு கைகளையும் நீட்டியபடி நிற்பார். (அம்மா அப்பாவின் தோள் உயரம்கூட இல்லை. பிடித்திருந்தால் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்க வேண்டும்.) ஆகவே குசினிக்குப் பின்னால் கொஞ்சம் நீட்டிக் கீழேயே ஒரு குளியலறை கட்டுவதென்று முடிவாயிற்று. அதுவும் குளிர்காலத்துக்கு முன்.

கட்டட வேலைக்குப் பேசிய அண்ணை வந்து, பின்வளவை அளந்துவிட்டுக் கேட்டார்: "பக்கத்து வீட்டுக்கு முறைப்படி அறிவித்தல் குடுத்திட்டீங்களோ? அவையின்ர சுவருக்குக் கிட்ட அத்திவாரக் கிடங்கு வெட்டப்போறம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ம்ம்... இது கொஞ்சம் சிக்கலான விஷயம்" என்றேன்.

மறுநாளே நூலகத்திலிருந்து ஒரு சிறு புத்தகத்தோடு வந்தேன். கட்டடப் பரிசோதனை பற்றியும், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் பற்றியும் வீட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். முன்பாதி கட்டப்போகிறவர்களுக்கு, பின்பாதி பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. நாங்கள் கட்டப்போகிறவர்கள். ஆகவே முன்பாதியை, நூலகப் புத்தகம் என்பதையும் மறந்து, கோடு போட்டுப் படித்தேன். பின்பாதியைத் தொடவில்லை. மற்றவர்களுக்கு எழுதியதை வாசிப்பது அவர்கள் வீட்டு யன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல எனக்குப் பட்டது.

இரவுச் சாப்பாட்டில் நான் சட்டத்தை விளக்கியபோது அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பிலோமினா அக்காவிட்ட வேலிக்கு மேலால ஒரு சொல் சொன்னால் காணும். இதுக்கேன் கடுதாசி?"

"சட்டம் அம்மா."

"வழக்குப் போடுற மாதிரியெல்லோ கிடக்குது. நாளைக்கு அவவின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

பிலோமினா அன்ரி மன்னாரிலிருந்து வந்தவர். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்தில் தனியாக இருந்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயில், அங்கே பூச்சோடனை அவருடைய பொறுப்பு. அவர் வீட்டு மீன் கட்லட் இந்தப் பக்கம் வரும், எங்கள் வீட்டு வடை அந்தப் பக்கம் போகும். நான் அறிவித்தலை நீட்டியபோது அவர் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தாரே தவிர, கடித உறையைத் தொடவில்லை.

"கட்டுங்கோ ராசா, வடிவாக் கட்டுங்கோ. அண்ணை படியில படுற பாடு எனக்குத் தெரியாதே? ஆனா கையெழுத்து மட்டும் கேளாதை. எங்கட ஐயா ஒருக்காக் கையெழுத்து வைச்சவர். காணி கையைவிட்டுப் போட்டுது."

"அன்ரி, இது சம்மதம் எண்டு மட்டும்..."

"அவையும் அப்பிடித்தான் சொன்னவை."

வாயால் எத்தனையோ முறை சம்மதித்தார். ஆனால் சட்டத்துக்குக் காது கிடையாது. குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் இரண்டு வீட்டுக்கும் இடையே தகராறு என்று அர்த்தம். அப்புறம் இரு தரப்புக்கும் பொதுவாக, கட்டடம் பார்க்கும் ஒரு சர்வேயர் வந்து தீர்த்துவைக்க வேண்டும். அப்படியாக, மோர்டனிலேயே மிக ஒற்றுமையான இரண்டு வீடுகள் சட்டப்படி தகராறில் இறங்கின. தகராறு தொடங்கிய அன்று பின்னேரம் அன்ரி எங்களுக்குக் கட்லட் அனுப்பினார்.

சர்வேயர் தொலைபேசியில் பேசினார். வேலை தொடங்குமுன் அன்ரி வீட்டுப் பின்னறைகளின் நிலைமையைப் பார்க்க வருவாராம். நான் முந்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். யன்னல் மூலையில் தொடங்கிய ஒரு வெடிப்பு, செங்கல் செங்கலாகப் படியேறி சீலிங் வரை போயிருந்தது. அதற்குக் கிளைகளும் இருந்தன. அந்தச் சுவரில் படங்கள் மாட்டியிருந்த விதமே விசித்திரமாக இருந்தது. இயேசுவின் திருஇருதயப் படம் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. கோயில் கலண்டர் முழங்கால் உயரத்தில் தொங்கியது.

"ஏன் அன்ரி கலண்டரை இவ்வளவு கீழ கொழுவியிருக்கிறியள்?"

"அங்கதானே வெடிச்சிருக்கு."

நான் கணக்குப் போட்டேன். சர்வேயர் இதைப் பார்ப்பார். ஏற்கெனவே நொந்துபோன சுவர், பக்கத்தில் கிடங்கு வெட்டினால் தாங்காது என்று வேலையை மறித்துவிடுவார். அப்பா குளிர்காலம் முழுவதும் படியில் சறுக்குவார். தவிரவும், ஒரு பெரிய மனிதர் வீடு பார்க்க வருகிறார் என்றால் கூட்டிக் கழுவி, கிழிந்த கதிரைக்கு மேல் துணி விரிப்பதுதான் எங்கள் ஆட்கள் அறிந்த முறை. வெடிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள் என்று யாராவது சொல்வார்களா?

சனிக்கிழமை காலை, வெடிப்பு அடைக்கும் பசை ஒரு வாளியும் பெயின்ற்றும் ஏணியுமாக அன்ரி வீட்டுக்குள் நுழைந்தேன். நான் அதற்கு முன் வாழ்க்கையில் பிறந்தநாள் வாழ்த்து மட்டைக்குத்தான் நிறம் தீட்டியிருந்தேன். ஆனாலும் அடைத்தேன், தடவினேன், தேய்த்தேன், பூசினேன். அன்ரி ஏணியைப் பிடித்தபடி, "வானத்துச் சம்மனசு மாதிரி வந்திருக்கிறாய் மோனை" என்று உருகினார். ஒரு சுவர் பளிச்சென்று ஆனதும் அடுத்த சுவர் அழுக்காகத் தெரிந்தது. அதையும் அடித்தேன். பிறகு அதற்கடுத்த அறை. நான் போன இடமெல்லாம் வெடிப்புகள் ஒன்றுவிடாமல் மறைந்தன. கடைசியில் கலண்டர் நியாயமான உயரத்துக்கு ஏறியது.

சர்வேயர் வந்தார். உயரமான, அவசரமில்லாத வெள்ளைக்காரர். அன்ரி கோயில் சீலையில் நின்றார். அம்மா வேலிக்கு மேலால் வடையை அனுப்பியிருந்தார். சர்வேயர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சுவரில் ரோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தார். மூக்கை இலேசாக உறிஞ்சினார்.

"புதிதாகப் பெயின்ற் அடித்திருக்கிறதே?"

"நான்தான்" என்றேன், பரிசு வாங்குகிறவன்போல.

"நீங்கள்... கட்டப்போகிற வீட்டுக்காரரின் மகன் அல்லவா?"

"ஆம்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். "இங்கே முன்பு ஏதாவது வெடிப்புகள் இருந்தனவா? இந்தப் பதிவு உண்மையில் உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

நான் அன்ரிக்கு மொழிபெயர்த்தேன். "வெடிப்பு ஏதும் இருந்ததோ எண்டு கேக்கிறார்."

"எங்கட வீட்டிலயோ?" அன்ரி நெஞ்சில் கை வைத்தார். "ஒண்டுமே இல்லையெண்டு சொல்லு."

"ஒன்றுமே இல்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தயவுசெய்து அதைத் தெளிவாக எழுதுங்கள்" என்றும் சொன்னேன். அவர் தெளிவாக எழுதினார்.

வேலை தொடங்கியது. கிடங்கு வெட்டினார்கள், அத்திவாரம் போட்டார்கள், சுவர் எழுந்தது, கூரை வந்தது. அப்பா தினமும் கதிரையைப் பின்கதவடியில் போட்டுக்கொண்டு, தன் குளியலறை வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ரைல்ஸ் பதித்துக் குழாய் பூட்டுவதுதான் மிச்சம் என்ற நிலையில் ஒரு நாள் அன்ரி வேலியருகே வந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"தம்பி, வந்திட்டார்."

"ஆர் அன்ரி?"

"பழைய ஆள்."

போய்ப் பார்த்தேன். யன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் செங்கலாகப் படியேறி, சீலிங் வரை. கிளைகளும் வந்திருந்தன. என் பசை காய்ந்து சுருங்கி, பெயின்ற்றையும் உரித்துக்கொண்டு விலகியிருந்தது. ஒவ்வொன்றையும் கையால் தடவி மூடியவன் நான். எனக்கு அவற்றின் முகம் தெரியாதா?

வேலை முடியும் கட்டத்தில் சர்வேயர் மறுபடி வந்து பார்ப்பது முறை. அவர் வருமுன் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன ராசா சொல்லுறது? இல்லையெண்டு சொன்னனான். இப்ப முந்தியே இருந்தது எண்டால் பொய்க்காரியாப் போடுவனெல்லோ. பாவசங்கீர்த்தனத்தில சுவாமிக்குச் சொல்லலாம். வெள்ளைக்காரனுக்குச் சொல்லேலாது."

சர்வேயர் வந்தார், பார்த்தார், தன் பதிவைப் புரட்டினார். "இதன்படி இங்கே வெடிப்பே இருந்ததில்லை. ஆகவே இது உங்கள் வேலையால் வந்தது. நீங்கள்தான் திருத்திக் கொடுக்க வேண்டும்." பிறகு பேனையைத் தாழ்த்தி என் பக்கம் திரும்பினார். "முன்பே இருந்த வெடிப்புகள் உங்கள் தலையில் விழக்கூடாது என்பதற்காகத்தான் வேலைக்கு முன் பதிவு எடுக்கிறோம். இன்னொரு முறை கேட்கிறேன். இதை இதற்கு முன் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெடிப்புகளெல்லாம் எங்களுக்குச் சாட்சிகள். நான் வாளியும் கையுமாகப் போய் என் சாட்சிகளின் வாயை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறேன்.

பார்த்திருக்கிறேன் என்றால் அப்பாவின் குளியலறை தப்பிக்கும். அன்ரி அந்நியர் முன்னால் பொய்க்காரியாகி நிற்பார். பார்க்கவில்லை என்றால் ரைல்ஸுக்கு வைத்த காசு இந்தச் சுவருக்குப் போகும். அன்ரி செபமாலையை உருட்டியபடி சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அப்பா, ஊன்றுகோலோடு.

"என்னவாம் தம்பி?"

சொன்னேன். அப்பா வெடிப்பைப் பார்த்தார். அன்ரியைப் பார்த்தார்.

"விடு. பூசிக் குடுப்பம்."

"அப்பா, உங்கட பாத்ரூம்..."

"படி எங்க ஓடப்போகுது? அது அங்கதான் நிக்கும்."

"நாங்களே திருத்திக் கொடுக்கிறோம்" என்றேன், கேள்விக்குப் பதில் சொல்லாமல். சர்வேயர் பேனையை மூடினார். வாசலில் கோட்டை மாட்டும்போது, "இந்த முறை பெயின்ற் அடிக்கும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள்" என்றார்.

முறையான பூச்சுக்காரர் வந்து, என் கைவேலையை முழுவதும் கொத்தி இறக்கிவிட்டு, புதிதாகப் பூசினார். எங்கள் குளியலறை கூரையும் கதவும் மட்டும் உள்ள வெறும் அறையாகக் குளிர்காலத்தைக் கழித்தது. (அம்மா அதற்குள் வெங்காயமும் அரிசியும் வைத்தார்.) ஆனால் அப்பா படியில் சறுக்கவில்லை. பூச்சு முடிந்த மறுநாளே அன்ரி வந்து நின்றார்.

"அண்ணை, எங்கட வீட்டில கீழயே பாத்ரூம் இருக்கு. கதவு திறந்து கிடக்கும். கூச்சப்படாமல் வாங்கோ."

அந்தக் குளிர்காலம் முழுவதும் தினமும் காலையில் அப்பா தலையில் கம்பளித் தொப்பி, தோளில் துவாய், கையில் சவர்க்காரப் பெட்டியோடு, பஸ்ஸுக்கு நிற்கும் சனத்துக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போனார். வசந்தத்தில் எங்கள் குளியலறை ரைல்ஸோடு தயாரான பிறகும் கொஞ்ச நாள் போனார். அங்கே தேத்தண்ணி நன்றாக இருக்கிறதாம். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. இல்ஃபோர்டிலிருந்து பெண்ணும் பெற்றோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அயலவர் என்ற முறையில் அன்ரியும் வந்து உட்கார்ந்திருந்தார். பெண்ணின் தாயார் அன்ரி பக்கம் சாய்ந்து, "பெடியன் எப்பிடி?" என்று கேட்டார்.

அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தங்கமான பெடியன். ஆனா இருக்கிறதை இப்பவே சொல்லிப்போடுறன். ஆராவது ஒண்டு சொல்லத் தொடங்கினால் பாதியோட நிப்பாட்டிப்போட்டு மிச்சத்தைத் தானே சொல்லுவான். கோவம் வந்தால் கதையாமல் பாத்திரம் கழுவுவான். குறட்டை விடுவான், சுவருக்கு அங்கால எங்கட வீட்டுக்கே கேக்கும். எல்லாத்தையும் வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ. பிறகு கலியாணத்தால புதுசா வந்தது எண்டு எங்களில பழி போடக்கூடாது."

அம்மா தேத்தண்ணித் தட்டோடு அப்படியே உறைந்து நின்றார். அப்பா இருமினார். பெண் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் கல்யாணம் பேசி முற்றானது.

இப்போதும் என்னிடம் ஏதாவது குறையைக் கண்டால் என் மனைவி என்னோடு சண்டை பிடிப்பதில்லை. தொலைபேசியை எடுத்து, "அன்ரி, இது முந்தியே இருந்ததோ, இல்லாட்டிப் புதுசோ?" என்று கேட்பாள். அந்தப் பக்கத்திலிருந்து, யோசிக்காமலே, "பழசு பிள்ளை, பழசு" என்று பதில் வரும். இன்றுவரை அன்ரி ஒன்றைக்கூடப் புதியது என்று ஒப்புக்கொண்டதில்லை.