ஆன்டிகுவா தெருவில் தாலியைத் தூக்கிக் காட்டிய கதை

தனியாக வெளிநாடு போகும் பெண்ணுக்குப் புத்தி சொல்ல, அந்த நாடு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குவாத்தமாலாவுக்குப் போகிறேன் என்று அமெரிக்காவில் நான் வசிக்கும் ரவுண்ட் ராக் ஊரில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஹூஸ்டனைத் தாண்டித் தெற்கே போயிராத அங்கிள் ஒருவர் தயிர்சாதத் தட்டோடு வந்து என்னை ஓரம்கட்டினார்.

“அங்கெல்லாம் லேடீஸ் தனியா டிராவல் பண்ணவே கூடாதும்மா. அவனவன் துப்பாக்கியோட சுத்துவானுங்க.”

(டெக்சாஸில் நின்றுகொண்டு சொன்னார். நானும் பயபக்தியோடு தலையாட்டினேன்.)

ஓர் ஆன்ட்டி விசில் கொடுத்தார். இன்னொருவர் ஹோட்டல் கதவுக்கு அடியில் செருக ரப்பர் கட்டை கொடுத்தார். கடைசியில் என் பெட்டியில் துணிமணியைவிடத் தற்காப்புச் சாமான்தான் அதிகம் இருந்தது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. விவாகரத்து முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பதினொரு வருடக் கல்யாணத்தில் நான் தனியாகப் போய்வந்த அதிகபட்ச தூரம் மளிகைக்கடைதான். அதற்கும், கடை பில்லில் இருக்கும் நேரத்தையும் நான் வீடு திரும்பிய நேரத்தையும் என் கணவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் கராஜ் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே பில்லை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவேன். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட “ஒத்துவரலம்மா” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், எங்கே போனேன் எப்போது வந்தேன் என்று யாருக்கும் பதில் சொல்லாமல் நடக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பயணம்.

கிளம்பும் முன் மதுரையிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள்.

“அந்தத் தாலியத் தூக்கிப் போட்டுறலையே? அத எடுத்து மாட்டிட்டுப் போடி. கழுத்துல தாலி கெடந்தா எவனும் கிட்ட வரமாட்டான்.”

“அம்மா, அதக் கட்டினவரோட கேஸே இப்பத்தான் முடிஞ்சிருக்கு.”

“அது ரோட்டுல போறவனுக்குத் தெரியவா போகுது?”

அம்மாவின் வாதத்தில் ஓட்டையே இல்லை. கட்டியவரிடமிருந்தே என்னைக் காப்பாற்றாத சங்கிலி, கண்டவனிடமிருந்து எப்படிக் காப்பாற்றும் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. சாக்ஸ் டிராயரிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டேன். பஸ்ஸில் செயின் அறுப்பவர்களுக்குப் பயந்து மதுரைப் பெண்கள் செய்வதுபோல், டி-ஷர்ட்டுக்கு உள்ளே ஓர் ஊக்கையும் குத்திக்கொண்டேன்.

குவாத்தமாலாவின் ஆன்டிகுவா அழகான சிற்றூர். கருங்கல் பாவிய தெருக்கள், அவற்றின் கோடியில் புகை விடும் எரிமலை. மூன்றாம் நாள் காலை நான் சந்தைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் தொப்பி போட்ட ஓர் ஆள் வந்தார். நான் வலதுபக்கம் திரும்பினேன், அவரும் திரும்பினார். நான் நின்று ஒரு கடைக்குள் எட்டிப்பார்த்தேன். அவரும் நின்றார்.

எல்லா அங்கிள்களும் ஆன்ட்டிகளும் ஒரே நேரத்தில் என் தலைக்குள் பேச ஆரம்பித்தார்கள். விசில் ஞாபகம் வந்திருக்கலாம், வரவில்லை. சட்டென்று திரும்பி, கழுத்துக்குள் கையை விட்டுத் தாலியை வெளியே இழுத்து (ஊக்கு டி-ஷர்ட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது), சினிமா போலீஸ் அடையாள அட்டையை நீட்டுவதுபோல் அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

“மேரீட்! ஹஸ்பண்ட்! மேரீட்!”

அவருக்கு அது தாலி என்று எப்படித் தெரியும்? ஒரு பெண் தன் தங்கச்சங்கிலியை அவருக்குக் காட்டி அலறுகிறாள், அவ்வளவுதான். இரண்டு கையையும் தூக்கியபடி பின்வாங்கி, தெருவைக் கடந்து ஓடியே போனார். அவர் என்னைத் தொடர்ந்தாரா, தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடைபாதையில் மாங்காய் விற்ற பெண் ஓடிவந்து, என்னைத் திட்டிக்கொண்டே சங்கிலியை உள்ளே திணித்து, நான் மேலே போட்டிருந்த குளிர் கோட்டின் ஜிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. சுற்றுலாப் பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண் போலீஸ் ஒருவரும் வந்தார். குள்ளமான உருவம், சாந்தமான முகம். மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து என் போனை அவரிடம் கொடுத்தேன். அழுகையில் நான் பேசியது அதற்கு ஒன்றும் புரியவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொன்ன “ஹஸ்பண்ட்” மட்டும் அவருக்குப் புரிந்தது. பாவம், நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அந்தப் பெயரை என் போனிலேயே தேடி அழுத்திவிட்டார்.

கல்யாணமான புதிதில் அப்படிப் பதிந்துவைத்த பெயர். அவர் என்னைக் கூப்பிட முடியாதபடி பிளாக் பண்ணியிருந்தேன். நான் அவரைக் கூப்பிடாதபடி யாரும் என்னை பிளாக் பண்ணவில்லை.

முதல் மணியிலேயே எடுத்தார். ஸ்பீக்கரில் இருந்தது. “போலீஸ், குவாத்தமாலா, ஆன்டிகுவா, உங்கள் மனைவி” என்று அந்தப் பெண் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடுக்கினார். பிறகு தமிழில் அந்தக் குரல்.

“யாரோட போயிருக்க?”

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அடிபட்டதா என்று கேட்கவில்லை.

“இல்லங்க... நான் தனியாத்தான்...” என்று என் வாய் தானாகப் பதில் சொல்லத் தொடங்கியது. தலை குனிந்துவிட்டது. நீதிமன்றம் கொடுத்த காகிதமெல்லாம் எங்கே போனதோ!

“போலீஸ் வரைக்கும் வந்தாச்சா? இதுக்குத்தான் உன்ன எங்கயும் விடறதில்ல. எந்த ஹோட்டல்? பேரச் சொல்லு.”

சொல்லப்போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஹோட்டல் பெயரின் முதல் எழுத்து என் நாக்குவரை வந்துவிட்டது. அதற்குள் அந்தப் போலீஸ்காரப் பெண் அழைப்பைத் துண்டித்துவிட்டார். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனால் குனிந்த என் தலையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் மெதுவாக ஏதோ தட்டினார். செயலி தன் உயிரில்லாத செந்தமிழில் கேட்டது:

“உங்களைப் பின்தொடரும் மனிதர் இவர்தானா?”

ரவுண்ட் ராக்கில் பதினொரு வருடம் யாரும் கேட்காத கேள்வி அது. “ஆமாம்” என்றேன். அவர் வேறெதுவும் கேட்காமல் என்னை அறைவரை கொண்டுவந்து விட்டார். மறுநாளே விமானத்தை மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். இடம் தெரிந்துவிட்டதே என்ற பயம். என் ஒரு வாரம் அத்தோடு போயிற்று.

இப்போது, அமெரிக்காவிலேயே இருக்கும் டப்ளின் என்ற ஊரில், தங்கை வீட்டில் கூடும்போதெல்லாம் இது கட்டாய நிகழ்ச்சி. தங்கை தன் சங்கிலியைத் தூக்கிப் பிடித்து, “மேரீட்! ஹஸ்பண்ட்!” என்று அலறுவாள். அமெரிக்காவில் பிறந்த அவள் பிள்ளைகள் “ஒன்ஸ் மோர்!” என்பார்கள். அந்த ஆள் தெருவைக் கடந்து ஓடுவதோடு கதை முடிந்துவிடும், ஏனென்றால் நான் அவர்களுக்குச் சொன்னது அவ்வளவுதான். நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

ஒருமுறை அம்மாவும் வந்திருந்தாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்து எழுந்துபோன பிறகு, தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“ரொம்பப் பயந்துட்டியாடி?”

“அந்தத் தொப்பிக்காரனப் பாத்து இல்லம்மா” என்றேன்.

அம்மா கையிலிருந்த தட்டை வைத்தாள். அதற்குப் பிறகு தங்கை அந்தக் கதையை ஆரம்பித்தால், அம்மா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். தங்கை ஏன் என்று கேட்டதற்கு, அதே ஜோக்கை எத்தனை தடவை கேட்பது என்றாளாம்.